பரணிலிருந்து இறங்கும் ரயில்கள்

இங்கிலாந்தில் எழுபதையும் எண்பதையும் தொட்டுவிட்ட ஆண்கள் பலரின் வீட்டுப் பரணில் ஒரு ரயில்வே இருக்கிறது. அதை விளையாட்டுச் சாமான் என்று சொல்லிவிட்டால் அவர்களுக்கு முகம் மாறும். நிஜ எஞ்சினை எழுபத்தாறில் ஒரு பங்காகச் சுருக்கிச் செய்தவை அவை. பெயர், எண், கம்பெனியின் நிறம் எதுவும் பிசகக் கூடாது. ஓடுவதற்கு மரப்பலகையில் ஒரு மேடை. மேடைமேல் சாந்து பூசிய மலை. மலையைக் குடைந்த சுரங்கம். நிலையத்தில், வராத ரயிலுக்காக வருடக்கணக்கில் பெட்டியும் கையுமாக நிற்கும் விரல்நகம் அளவுப் பயணிகள்.

இந்த ஆசை முளைத்த இடத்துக்குத் தெளிவான முகவரி உண்டு. லிவர்பூல்காரரான ஃபிராங்க் ஹார்ன்பி, துளையிட்ட உலோகப் பட்டைகளை இணைத்துப் பொறிகள் கட்டும் விளையாட்டுக்கு 1901இல் காப்புரிமை வாங்கினார். அதுதான் பிறகு மெக்கானோ ஆனது. 1920இல் சாவி கொடுத்து ஓட்டும் ரயில்களைக் கொண்டுவந்தார். அவர் 1936இல் இறந்தார். இரண்டு ஆண்டு கழித்து அவருடைய பின்ஸ் ரோடு ஆலையிலிருந்து ‘ஹார்ன்பி டப்ளோ’ வந்தது. சாப்பாட்டு மேசையிலேயே விரித்து ஓட்டிவிடக்கூடிய சின்ன ரயில். போர் வந்து உற்பத்தி நின்றது. போர் முடிந்து அது மறுபடி கடைக்கு வந்தபோது, வாங்க முடிந்த வீட்டுப் பிள்ளைகள் கிறிஸ்துமஸ் காலையில் பெட்டியைப் பிரித்தார்கள். மற்ற பிள்ளைகள் கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தார்கள். பிற்காலத்தில் பரண் நிறையச் சேர்த்தவர்களில் இந்த இரண்டாம் வகையினரே அதிகம் இருப்பார்கள் என்பது என் ஊகம். கிடைத்துவிட்டதைவிடக் கிடைக்காமல் போனதுதான் மனிதனை நீண்ட காலம் நடத்திக்கொண்டு போகிறது.

எங்கள் தெருவில் அப்படி ஒரு பெரியவர். பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவிக்கு மாடிப்படி ஏற முடியவில்லை என்பதால் இருவரும் ஒற்றைத்தள வீட்டுக்கு மாறப்போகிறார்கள். அங்கே பரண் கிடையாது. “இதையெல்லாம் எப்படி விற்றால் நல்லது?” என்று என்னைக் கேட்டார். எனக்கு ரயில் தெரியாது என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தவர்களைக் கேட்டால் விலையைப் பற்றி மட்டுமே பேசுகிறார்கள் என்றார்.

விலையையும் பேசித்தான் ஆக வேண்டும். மொத்தமாக எடுக்கும் வியாபாரியைக் கூப்பிட்டால் ஒரே மதியத்தில் பரண் காலியாகிவிடும். ஆனால் அவர் அதைத் துடைத்து, ஓட்டிப் பார்த்து, அலமாரியில் வைத்து, மாதக்கணக்கில் காத்திருந்து விற்க வேண்டியவர். அந்தக் காத்திருப்புக்கெல்லாம் சேர்த்துத்தான் விலையைக் குறைத்துக் கேட்பார். அதில் அநியாயம் எதுவும் இல்லை. இந்தத் துறைக்கென்றே இருக்கும் ஏல நிறுவனங்களுக்கு அனுப்பினால் நல்ல எஞ்சினுக்கு இரண்டு பேராவது போட்டி போடுவார்கள். அங்கே விற்பவரிடம் கமிஷன், வாங்குபவரிடம் தனியாக ஒரு பிரீமியம். இணையத்தில் ஒவ்வொன்றாக நாமே விற்றால் தொகை கூடும், வேலையும் கூடும்: படம் எடுப்பது, பொதி கட்டுவது, தபால் நிலையம், “கைப்பிடிக் கம்பி வளைந்திருக்கிறதே” என்று வரும் கடிதம். லிவர்பூலில் 1946இல் தொடங்கிய ஹாட்டன்ஸ் கடை பழைய சேகரிப்புகளை வாங்குவதில் பேர்பெற்றிருந்தது. 2024 தொடக்கத்தில் அதுவும் கடையை மூடுவதாக அறிவித்துவிட்டது. கூடவே ஒரு கவலை. டப்ளோவை ஆசையோடு தேடிய தலைமுறையே இப்போது அதை விற்கும் வயதுக்கு வந்துவிட்டது. எல்லோரும் ஒரே சமயத்தில் சந்தைக்கு வந்தால் வாங்குபவர் யார்?

இதற்குமேல் விலையில் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ‘நல்லது’ என்று அவர் கேட்டாரே, அதில் நிறைய இருப்பதாகப் பட்டது.

ஒரு மதியம் பரணேறி உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தோம். நீலக் கோடு போட்ட அட்டைப்பெட்டி ஒன்றின் மூடியைத் திறந்தார். உள்ளே பச்சை எஞ்சின், மெழுகுத்தாளில் சுற்றியபடி. சக்கரத்தில் தண்டவாளம் உரசிய தடமே இல்லை. குறிப்புச் சீட்டு வந்த மடிப்பிலேயே இருந்தது. “இதுதான் இருப்பதிலேயே விலை போகும்” என்றார். அடுத்து இன்னொரு எஞ்சினை எடுத்தார், பெட்டி இல்லை. புகைபோக்கி ஓரத்தில் வண்ணம் உதிர்ந்து வெள்ளி நிறம் தெரிந்தது. சக்கர விளிம்பு கறுத்திருந்தது. கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால் பழைய எண்ணெய் வாசனை. ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளோடு ஓட்டிய எஞ்சின். “இதற்கு ஒரு நல்ல சாப்பாட்டுக் காசு வரலாம்.”

சேகரிப்பு உலகின் விசித்திரம் இது. எதைப் பிரியமாகத் தொட்டோமோ அதன் விலை இறங்குகிறது. எதைத் தொடாமல் வைத்தோமோ அதன் விலை ஏறுகிறது. தொடுவது பற்றிய சந்தையின் கணக்கும் மனதின் கணக்கும் நேரெதிர்த் திசையில் போகின்றன. அந்த மலையும் சுரங்கமும் நிலையமும் இருக்கிறதே, அவர் கையாலேயே வருடக்கணக்கில் செய்தது, அதற்கு ஏலத்தில் வரிசை எண்கூடக் கிடையாது. இடம் மாற்ற முடியாது, பிரித்தால் உடையும். அவருடைய உழைப்பு முழுவதும் எதில் போயிற்றோ அது சந்தையில் பூஜ்யம்.

முதலில் இது கொடுமையாகப் படும். யோசித்தால், ஒரு நல்ல குரு செய்வதைச் சந்தை ஈவிரக்கம் இல்லாமல் செய்துவிடுகிறது. பொருள் வேறு, நினைவு வேறு என்று பிரித்துக் கையில் கொடுக்கிறது. வாங்குபவர் துத்தநாகத்துக்கும் வண்ணத்துக்கும் அட்டைப்பெட்டிக்கும் பணம் தருகிறார். ஞாயிற்றுக்கிழமைகளுக்கு அவர் பணம் தருவதில்லை, ஏனென்றால் அவை அவருக்குப் போகவில்லை, விற்றவரிடமே தங்கிவிடுகின்றன. விலை குறைந்துவிட்டதே என்று விற்பவர் வருந்தும்போது, பெரும்பாலும் அவர் நினைவுக்கும் சேர்த்து விலை போட்டு வைத்திருந்தார் என்றுதான் அர்த்தம்.

பெட்டிகளைத் திறக்கும்போது ஒன்றில் மட்டும் எஞ்சினுக்குப் பதில் சில்லுகள் இருந்தன. போருக்கு முந்தைய வார்ப்பு. பழைய மாதிரி ரயில்களைப் பீடிக்கும் நோய் இது. துத்தநாகக் கலவையை உருக்கி அச்சில் ஊற்றிய நாளில் ஈயம் துளியூண்டு கலந்துவிட்டிருக்கும், ஆயிரத்தில் ஒரு பங்குகூடத் தேவையில்லை. அது உலோகத் துகள்களின் இடுக்கில் போய் உட்கார்ந்துகொள்கிறது. ஈரக்காற்று மெல்ல உள்ளே போக, வருடங்கள் கழித்து வார்ப்பு உப்பி, வெடித்து, பிஸ்கட் போல உதிர்கிறது. பட்டுத்துணியில் சுற்றி வைத்தாலும் அது உதிரத்தான் செய்யும். பக்கத்துப் பெட்டியிலிருந்து ஒட்டிக்கொள்ளும் என்று சிலர் பயப்படுவார்கள். அப்படி ஒட்டுவதும் இல்லை. குற்றம் வைத்துக்கொண்டவருடையது அல்ல. பிறப்பிலேயே வந்தது.

சைவ சித்தாந்தத்தில் ஆணவ மலத்தைச் செம்பில் உள்ள களிம்பு என்பார்கள். களிம்பு வெளியிலிருந்து வந்து படிந்த தூசி அல்ல, செம்பு என்று உண்டோ அன்றே உடன் உள்ளது என்பது அதன் கருத்து. அந்தச் சில்லுகளை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தபோது எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது. ‘என்னுடையது’ என்ற எண்ணமும் நாம் பொருளை வாங்கிய பிறகு வந்து ஒட்டியதல்ல. கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்ற சிறுவனிடமே அது முழுதாக இருந்தது; கையில் ஒரு பொம்மைகூட இல்லாதபோதே. ஆகவே பரணைக் காலி செய்துவிட்டால் பற்று போய்விடும் என்று நினைப்பது தப்புக்கணக்கு. பரண் காலியான பிறகும் “நான் எவ்வளவு வைத்திருந்தேன் தெரியுமா” என்று பேசிக்கொண்டே இருப்பவர்களைப் பார்த்திருக்கிறோம். பொருள் போய், அதன் பட்டியல் மட்டும் நெஞ்சில் தங்கிவிடுகிறது.

துறவு என்றால் நமக்கு உடனே பட்டினத்தார் நினைவுக்கு வருகிறார். கடல் வாணிபம் செய்த பெருஞ்செல்வர், மகன் விட்டுப்போன பேழைக்குள் காதில்லாத ஊசியைக் கண்ட நொடியில் எல்லாவற்றையும் உதறிவிட்டுக் கிளம்பினார் என்பது கதை. அந்த வேகத்தில் ஒரு பிரமிப்பு உண்டு. ஆனால் கதையின் அடுத்த பகுதியை நாம் அவ்வளவாகச் சொல்வதில்லை. அவருடைய கணக்கர் சேந்தனார் இருந்தார் அல்லவா? பெட்டகத்தை ஊருக்குத் திறந்துவிடும் வேலை அவர் தலையில் விழுந்தது. அதற்காக அரசன் அவரைச் சிறையில் வைத்தான் என்கிறார்கள். எஜமானர் ஒரு நொடியில் விட்டதை முடித்துக் கொடுக்க இன்னொருவர் சிறைக்குப் போக வேண்டியிருந்தது.

ஒவ்வொரு சேகரிப்பாளர் வீட்டிலும் ஒரு சேந்தனார் இருக்கிறார். பெரும்பாலும் மனைவி, இல்லாவிட்டால் வெளியூரில் வேலை பார்க்கும் மகள். ரயில்காரர்கள் தங்களுக்குள் சொல்லிச் சிரிக்கும் ஒரு வேடிக்கைப் பேச்சு உண்டு: நான் செத்த பிறகு, இதற்கெல்லாம் என்ன விலை கொடுத்தேன் என்று மனைவியிடம் சொன்னேனோ அதே விலைக்கு அவள் விற்றுவிடுவாளே என்பதுதான் என் பயம். சிரிப்புதான். ஆனால் உள்ளே ஒரு நிஜமான துக்கம் இருக்கிறது. எது எது என்று தெரியாத ஒருவர், அழுத கண்ணோடு, வீட்டைக் காலி செய்யும் ஆட்களிடம் எல்லாவற்றையும் மொத்தமாகத் தள்ளிவிட நேரும். உயிரோடு இருக்கும்போதே, கண் தெரியும்போதே, எஞ்சினின் பெயர் நாக்கில் இருக்கும்போதே உட்கார்ந்து பட்டியல் போடுவது நமக்குப் பின்னால் இருக்கப்போகிறவருக்குச் செய்யும் மரியாதை. அதைத் துறவு என்று சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை. வானப்பிரஸ்தம் என்று ஒரு நிலையைச் சந்நியாசத்துக்கு முன்னால் வைத்திருக்கிறார்களே, அது இதற்காகத்தான் என்று நினைக்கிறேன். அது காட்டுக்கு ஓடுவதற்கான காலம் அல்ல, ஒப்படைப்பதற்கான காலம்.

திருக்குறளில் 35ஆவது அதிகாரம் துறவு. அதன் முதல் குறளின் கணக்கு எனக்கு எப்போதும் வியப்பு. ஒருவன் எந்தப் பொருளிலிருந்து விலகுகிறானோ அந்தப் பொருளால் அவனுக்குத் துன்பம் இல்லை என்கிறார் வள்ளுவர். மொத்தமாக எல்லாவற்றையும் விடு என்று தொடங்கவில்லை. பொருள் பொருளாக எழுதிய கணக்கு அது. ஒன்று போனால் அந்த ஒன்றால் வரும் நோவு குறைந்தது என்று வரவு வைத்துக்கொள்கிற கணக்கு. பரணில் உட்கார்ந்து பட்டியல் எழுதும் கிழவருக்கு இதைவிடப் பொருத்தமான அறிவுரை கிடையாது.

அதனால்தான் “மொத்தமாகத் தள்ளிவிட்டு நிம்மதியாக இருக்கலாமே” என்று அவருடைய நண்பர்கள் சொன்னபோது எனக்கு அரைமனதாக இருந்தது. சாதாரண வேகன்கள், எங்கும் கிடைக்கும் பெட்டிகள், தண்டவாளத் துண்டுகள், இவற்றை மொத்தமாக வியாபாரிக்குக் கொடுப்பதே சரி. அவற்றை ஒவ்வொன்றாக விற்று மிச்சமிருக்கும் கண்பார்வையைக் கெடுத்துக்கொள்ளத் தேவையில்லை. ஆனால் பெயர் சொல்லி வாங்கியவற்றைப் பெயர் சொல்லித்தான் அனுப்ப வேண்டும். ஏல நிறுவனத்துக்கு என்று அவற்றைத் தனியாகப் பிரித்து வைத்தோம். கல்யாண வீட்டில் போல ஆளுக்கொரு சீட்டு எழுதி ஒவ்வொரு பெட்டியிலும் ஒட்டினார்.

அந்தச் சீட்டு எழுதும் வேலையில்தான் அவருடைய சாதனை இருந்ததாக நினைக்கிறேன். இந்த உலகில் பொய் சொல்வது மிகச் சுலபம். பழைய அட்டைப்பெட்டியைப் போலவே புதிதாக அச்சடித்த பெட்டிகள் கிடைக்கின்றன. உதிர்ந்த வண்ணத்தை மறுபடி பூசி மூல வண்ணம் என்றே சொல்லிவிடலாம். மூன்று தண்டவாள முறைக்குச் செய்த எஞ்சினை இரண்டு தண்டவாளத்தில் ஓடும்படி மாற்றியிருந்தால், அது மேலோட்டமாகப் பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. (டப்ளோ 1959 வரை நடுவில் ஒரு கம்பி வைத்த மூன்று தண்டவாளத்திலேயே ஓடியது. அதன் பிறகுதான் இரண்டு தண்டவாளம் வந்தது. இரண்டும் ஒன்றோடொன்று சேராது.) பெரியவர் எழுதினார்: ‘மோட்டார் மாற்றியது.’ ‘கூரை நான் பூசிய வண்ணம்.’ ‘பெட்டி இதனுடையது அல்ல.’ ஒவ்வொரு வரியும் அவருடைய கையிலிருந்து கொஞ்சம் பணத்தை எடுத்துக்கொண்டு போனது. சொல்லாமல் விட்டாலும் யாரும் தட்டிக்கேட்க மாட்டார்கள். ஆனால் முகம் தெரியாத ஒருவர் நாளை அதைப் பிரித்துப் பார்க்கும்போது ஏமாறக் கூடாது என்பது ஒரு வகை ஜபம்தான். மணி உருட்டாத ஜபம்.

நம் வீடுகளில் கொலு பொம்மைகள் இருக்கின்றன. பழைய வேட்டித் துணியிலும் செய்தித்தாளிலும் சுற்றி, மரப்பெட்டியில் அடுக்கி, பரணில் ஏற்றுவோம். படிக்குப் பக்கத்தில் மணல் பரப்பிப் பூங்கா வைத்து அதில் ஒரு பொம்மை ரயிலை ஓடவிடும் வீடுகளும் உண்டு. பாட்டியிடமிருந்து அம்மாவுக்கு, அம்மாவிடமிருந்து மருமகளுக்கு என்று அது போய்க்கொண்டிருந்தது. இப்போது பிள்ளைகள் வெளிநாட்டில், குடியிருப்பு அடுக்ககத்தில். மரப்பாச்சி ஜோடியையும் தசாவதார வரிசையையும் யாரிடம் கொடுப்பது என்ற கேள்வி நம் ஊரிலும் வந்துவிட்டது. கொலுவில் ஒரு வசதி இருக்கிறது. ஒன்பது நாள் ஆனதும் பொம்மையைப் படுக்க வைத்து, எடுத்து வைப்பதற்கென்றே ஒரு சடங்கு. விரிக்கும்போதே மடிக்கவும் கற்றுக்கொடுத்துவிட்டார்கள். ரயில்காரர்களுக்கு அப்படி ஒரு விஜயதசமி இல்லை. மேடை ஒருமுறை போட்டால் போட்டதுதான், நாம் தளர்ந்து விழும்வரை அது விரிந்தே கிடக்கும்.

விழுவதற்கு முன்பே பறிபோவதும் உண்டு. 2019 மே மாதம் இங்கிலாந்தின் ஸ்டாம்ஃபோர்டு ஊரில் மார்க்கெட் டீப்பிங் மாதிரி ரயில் சங்கத்தினர் ஒரு கண்காட்சி வைத்திருந்தார்கள். இரவோடு இரவாகச் சில இளைஞர்கள் உள்ளே புகுந்து எல்லாவற்றையும் மிதித்து நொறுக்கிவிட்டார்கள். வருடக்கணக்கில் கட்டிய ஊர்களும் நிலையங்களும் காலையில் சருகாகக் கிடந்தன. வயதான உறுப்பினர்கள் அழுதார்கள். 500 பவுண்டு சேர்ந்தால் போதும் என்று சங்கம் கேட்டது. பாடகர் ராட் ஸ்டூவர்ட், அவரும் ரயில் பித்தர்தான், 10,000 பவுண்டு கொடுத்தார். முன்பின் தெரியாதவர்கள் கொடுத்துக் கொடுத்து தொகை ஒரு லட்சம் பவுண்டைத் தாண்டிவிட்டது. பெரியவர் இதைச் சொல்லிவிட்டு, “அவர்களுக்கு ஒரே இரவில் போனது. எனக்கு யோசிக்க அவகாசம் கிடைத்திருக்கிறது” என்றார். இழப்பு இருவருக்கும் ஒன்றுதான் என்றும் சொல்லலாம். இல்லை என்றுதான் நான் சொல்வேன். பறித்துக்கொண்டு போனதில் கசப்பு மிஞ்சுகிறது. கொடுத்து அனுப்பியதில் களைப்புதான் மிஞ்சுகிறது. களைப்பு தூங்கினால் போய்விடும்.

டிஸ்னி நிறுவனத்தின் பேர்பெற்ற சித்திரக்காரர் வார்ட் கிம்பல் தன் வீட்டுக் கொல்லையிலேயே நிஜ நீராவி எஞ்சின் வைத்திருந்தவர். அந்தப் பெரிய எஞ்சின்களை அவர் உயிரோடு இருக்கும்போதே கலிஃபோர்னியாவில் ஒரு ரயில் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார். பொம்மை ரயில்களோ 2002இல் அவர் மறைந்த பிறகே ஏலத்துக்குப் போயின. பெரியதைக் கொடுப்பது சுலபம், சின்னதுதான் கையைவிட்டு இறங்காது என்று எனக்குத் தோன்றுகிறது.

ஏலப் பட்டியலின் கடைசிப் பக்கத்தில் ஓர் எஞ்சினுக்கு எதிரே பெரியவர் இன்னும் எதுவும் எழுதவில்லை. “ஒன்றை வைத்துக்கொள்ளலாமா?” என்று கேட்டார். அதே துறவு அதிகாரத்தில் வள்ளுவர் இதற்கும் பதில் வைத்திருக்கிறார். நோன்பு இருப்பவனுக்கு ஒன்றும் இல்லாதிருப்பதே இயல்பு. ஏதாவது ஒன்று இருந்தாலும் அது மறுபடி மயக்கத்துக்கு வழி என்கிறார். நான் அதைச் சொன்னேன். அவர் மனைவி காபி கொண்டுவந்தபடியே, “அது சாமியாருக்கு. இவர் புது வீட்டில் நாள் முழுக்க என் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் எனக்குத் தாங்காது, ஒன்றை வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்” என்றார். எனக்கு அம்மையாரின் கட்சிதான். வள்ளுவர் இல்லறத்துக்குத் தனி இயல் எழுதியவர், அவரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஏல நிறுவனத்தின் வண்டி அடுத்த மாதம் வருகிறது. வியாபாரி வேகன்களையும் பெட்டிகளையும் எடுத்துக்கொண்டு போயாகிவிட்டது. அவர் கொடுத்த தொகையைப் பெரியவர் எண்ணிப் பார்க்காமல் மனைவியிடம் கொடுத்தார். மிச்சம் இருப்பது அந்த மேடைதான். அதைச் சும்மா கொடுத்தாலும் யாரும் எடுத்துப்போக வழியில்லை, படிக்கட்டில் இறங்காது. சனிக்கிழமை ஸ்க்ரூ டிரைவர் எடுத்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார். மலையை முதலில் எடுக்க வேண்டுமாம், ஒயர் எல்லாம் அதன் அடியில்தான் போகிறது.